பஞ்சாரத்துக்குள் ஒரு கடல் ஆலா

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் அடிக்கிற காற்று சும்மா இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்துவிட்டால் சூலூர் தாண்டி எங்கள் தோட்டம் வரைக்கும் அதைத் தடுக்க ஆள் கிடையாது. கொடியில் போட்ட சேலையைப் பக்கத்துத் தோட்டத்தில் போய்த்தான் எடுத்து வர வேண்டும். அப்படி ஒரு ஆடியில், காலையில் கோழி ஷெட்டுக்குத் தீவனம் போடப் போனபோது மேற்குப் பக்கத்துச் சுவரோரமாக ஏதோ கறுப்பாகக் கிடந்தது. காக்கை என்றுதான் நினைத்தேன். திருப்பினால் வயிறு வெள்ளை வெளேரென்று இருந்தது.

கோழி வளர்க்கிறவளுக்கு எந்தப் பறவையைத் தூக்கினாலும் கை தானாக நெஞ்செலும்புக்குப் போகும். இதற்கு அந்த எலும்பு கத்தி முனைபோல் துருத்திக்கொண்டிருந்தது, சதை என்று பேருக்குக்கூட இல்லை. முதுகு முழுக்கக் கறுப்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பட்டை, வால் கத்தரிக்கோல்போல் இரண்டாகப் பிரிந்திருந்தது. இறக்கைகள் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளம். கால் மட்டும் குட்டை, விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பதுபோல் தோல். உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, எங்கே நின்றுகொண்டு என்னத்தைக் கையில் வைத்திருக்கிறேன் என்று.

நாங்கள் கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்க்கிறவர்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் அவர்களுடையது, ஷெட்டும் பாடும் எங்களுடையது. அன்றைக்கு உள்ளே மூன்று வாரக் கோழிகள் இருந்தன. கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று டிவியில் ஒரு வரி ஓடினாலே எங்கள் ஊரில் யாருக்கும் சோறு இறங்காது. சீக்கு வந்த பண்ணை என்று பெயர் எடுத்தால் உள்ளே இருப்பது அத்தனையையும் குழிவெட்டிப் புதைத்துவிட்டு, ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வெளிக்காக்கை ஒன்று கம்பிவலையில் உட்கார்ந்தால்கூட என் வீட்டுக்காரர் கல்லைத் தேடுவார். அப்பேர்ப்பட்டவர் தீவன மூட்டையோடு வந்து என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அதைக் கீழ போடு."

"உசுரு இருக்குதுங்க."

"இருந்தா? மேக்க இருந்து என்ன சீக்கைக் கொண்டாந்துச்சோ. ஒரே அமுக்கு அமுக்கிக் குழியில போட்டு மேல சுண்ணாம்பக் கொட்டிரு."

எனக்குக் கோபம் வந்தது. சொல்கிறவர் செய்ய வேண்டியதுதானே, எதற்கு என் கையால் செய்யச் சொல்கிறார்? "நீங்களே வந்து அமுக்குங்க" என்று நீட்டினேன். மனிதர் நாலடி பின்னால் போனார். கோழியை அறுக்கிறபோதே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். கடைசியில் அவர் ஒரு சட்டம் போட்டார். அந்தப் பறவையைத் தொட்டவள் ஷெட்டுக்குள் காலை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். "சரி, ஊடு தேடி வந்த இந்த ஒறம்பரையை நான் பாத்துக்கறேன், உள்ள இருக்கறதை நீங்க பாத்துக்கங்க" என்று ரோஷமாகச் சொல்லிவிட்டு நடந்தேன்.  ஷெட் கட்டிய நாளிலிருந்து என் கை படாமல் ஒரு பேட்ச் கூட வளர்ந்ததில்லை.

தோட்டத்தின் மறுகோடியில் இருக்கும் மோட்டார் ரூமுக்கு அதைக் கொண்டுபோனேன். வாத்துக்கால் இருக்கிறதே, தண்ணீர்ப் பறவைதானே, தண்ணீரைக் கண்டால் தெம்பு வரும் என்று தொட்டியில் இறக்கிவிட்டேன். வந்தது வினை. வாத்தின் முதுகில் தண்ணீர் நிற்காமல் உருண்டோடும். இது பழந்துணிபோல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அமிழ்ந்தது. பதறிப்போய் எடுத்தால் உடம்பே நடுங்குகிறது. குஞ்சு இறக்கும்போது சூட்டுக்குப் போடுகிற குண்டு பல்பை எடுத்துவந்து தொங்கவிட்டு, கீழே சாக்கை விரித்து, மேலே கோழியை அடைக்கிற மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்தேன். இறகு காய்கிறவரை அதைவிட எனக்குத்தான் அதிக நடுக்கம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போட்டோ அனுப்பினேன். பறவை பார்க்கப் போகிற சிநேகிதர்களிடம் கேட்டுவிட்டு மத்தியானம் கூப்பிட்டாள்.

"அம்மா, அது கடல் ஆலாவாமா. லட்சத்தீவுப் பக்கம் நடுக்கடல்ல மணல் திட்டுல முட்டை வைக்கறது. அங்க இருந்து காத்து தள்ளிட்டு வந்திருக்குது."

"தண்ணில உட்டேன் கண்ணு, முங்கிப் போச்சு."

"ஐயோ, உடாதீங்க. அது கடல்மேலயே இருக்கும், ஆனா கடல்ல உக்காராதாம். இறகு நனைஞ்சிரும். முட்டை வைக்க மட்டுந்தான் தரைக்கே வருமாம், மத்தபடி வருசக்கணக்குல பறந்துக்கிட்டேதான் இருக்குமாம். ஃபாரஸ்டுக்குச் சொல்லச் சொல்றாங்க."

ஃபாரஸ்டுக்குச் சொன்னால் ஜீப் வரும். ஜீப் வந்தால் எதற்கு வந்தது என்று ஊர் கேட்கும். பறவையிலிருந்து எதையாவது எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வருகிறவரை கம்பெனிக்காரன் எங்கள் கோழியை எடுப்பானா? இதையெல்லாம் மகளிடம் சொன்னால் அப்பா மாதிரியே பேசுகிறீர்கள் என்பாள். சரி, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வருடக்கணக்கில் காலை ஊன்றாமல் பறந்த ஒன்று சாக்கில் கிடக்கிறதே என்று இன்னொரு சாக்கையும் மடித்து அடியில் போட்டேன்.

மறுநாள் ஆடி வெள்ளி. மத்தி மீன் வாங்கப் போனால் மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏனுங் அம்மணி, கோயிலுக்குக் கூழ் ஊத்தற நாளு, ஊட்டுல மீனா?" என்றாள். ஒறம்பரை வந்திருக்கிறது, வந்த விருந்தாளிக்கு மீன் இல்லாமல் ஆகாது என்றேன். பொய்யில்லையே. முள்ளை எடுத்து விரல் நீளத்துக்கு நறுக்கி நீட்டினால் ஆலா முகத்தைத் திருப்பிக்கொண்டது. குஞ்சுக்கு மருந்து கொடுக்கிற மாதிரி அலகைப் பிரித்து உள்ளே தள்ளினேன். கக்கியது. மறுபடி தள்ளினேன், மறுபடி கக்கியது. "தின்னு தொலையேன், உனக்காகத்தான இத்தனை பாடு" என்று திட்டினேன். சாயங்காலம் ஒரு துண்டு உள்ளே நின்றது. அப்புறம் இன்னொன்று. தரையெல்லாம் வெள்ளையாகப் பீச்சி வைத்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

அந்த நாட்களில் நானும் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டதெல்லாம் களத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுதான். சோற்றுப் போசியை மாட்டுக் கட்டுத்தரைத் திண்டில் வைத்துவிட்டு நான் தள்ளிப் போவேன், அவர் வந்து எடுப்பார். பாத்திரத்தைக்கூட மருந்துத் தண்ணீரில் முக்கித்தான் திருப்பி வைத்தார். சண்டை போட்ட பங்காளிகள்கூட இவ்வளவு தள்ளி நின்று பேச மாட்டார்கள். "தீனி எடுக்குதுங்களா?" என்று கத்துவேன். "எடுக்குது" என்பார். அந்த 'எடுக்குது' நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது.

ஐந்தாம் நாள் காலையில் அவர் ஷெட்டிலிருந்து சாக்கோடு வெளியே வந்தார். சாக்கு கனத்துத் தொங்கியது.

"எத்தனைங்க?" என்றேன்.

அவர் குழிப் பக்கம் போனார். திரும்பி வந்து, "வாயைப் பொளந்துக்கிட்டு மூச்சுக்கு இழுக்குது. கண்ணுல தண்ணி" என்றார். பிறகு மோட்டார் ரூமைப் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "கம்பெனி சூப்பர்வைசர் தம்பிக்குச் சொல்லிப்போட்டேன், நாளைக் காலைல வாரேன்னுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

 என்ன காரியம் செய்து வைத்தேன்! ஒரு பறவையைப் பார்த்து இரக்கப்பட்டு இத்தனை உயிரையும் கொல்லப் போகிறேனா? மோட்டார் ரூமுக்குள் போய்ப் பஞ்சாரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். இப்போதே கழுத்தைத் திருகிவிட்டால்? கையை உள்ளே விட்டேன். அது என் விரலை மீனென்று நினைத்து அலகால் பிடித்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தானாக வாயைத் திறந்தது. பாவி, இன்றைக்கா பசிக்க வேண்டும் என்று உட்கார்ந்து அழுதேன். பிறகு மீனைக் கொடுத்தேன்.

வெளியே வந்து ஷெட்டை நோக்கிக் காது கொடுத்தேன். நல்லாயிருக்கிற ஷெட்டில் ஒரு முணுமுணுப்பு ஓயாமல் இருக்கும், கல்யாண மண்டபத்துப் பந்திபோல. அன்று அது இல்லை. நான்கைந்து எட்டு கிட்டே போனேன், காற்று என் பக்கம் திரும்பியது. மூக்கு எரிந்து கண்ணில் நீர் வந்தது. எனக்கே கண்ணில் நீர் வந்தால் உள்ளே இருப்பவற்றுக்கு? அப்போதுதான் கவனித்தேன். ஷெட்டின் இரண்டு பக்கமும் படுதாவை அடிவரைக்கும் இறக்கி, கயிற்றை முடிச்சுமேல் முடிச்சாகக் கட்டியிருந்தார்.

"ஏனுங்க, படுதாவை எப்பத்துல இருந்து இப்படிக் கட்டி வச்சிருக்கறீங்க?"

"அது வந்த அன்னைக்கே. காத்துல சீக்கு உள்ள வந்துருமில்ல?"

"கேஸ் கட்டி நிக்குதுங்க! மூக்கு எரியல உங்களுக்கு?"

உள்ளேயே கிடந்ததில் அவருக்கு அந்த வாடை பழகிப்போயிருந்தது. கோழி எச்சத்திலிருந்து கிளம்புகிற ஆவி வெளியேற வழியில்லாமல் நாள் கணக்காகத் தங்கியிருக்கிறது. தூக்குங்கள் என்றேன். மாட்டேன் என்றார். சீக்காக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி.  அந்தப் பறவையைத் தொட்ட கையோடு படுதாவைத் திறந்து, அது சீக்காகவே இருந்துவிட்டால் எல்லாம் என் தலையில்தான் விடியும். ஆனாலும் அந்த நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. தென்னமட்டை வெட்டுகிற அரிவாளை எடுத்துவந்து வெளியே இருந்தபடியே கயிறுகளை வெட்டினேன். அவர் "வேண்டாம் அம்மணி, வேண்டாம்" என்று கூடவே வந்தார், கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளுமே.

ஆடிக் காற்று ஒரே மூச்சில் உள்ளே புகுந்தது. சாயங்காலம் வரை இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். இருட்டுகிற நேரத்தில் உள்ளே முணுமுணுப்பு மெல்லத் தொடங்கியது. அதுவும் என் ஆசையில் கேட்கிறதோ என்று சந்தேகமாகத்தான் இருந்தது.

காலையில் சூப்பர்வைசர் தம்பி வந்தார். செத்த கோழி ஒன்றைக் கிழித்து மூச்சுக்குழலைப் பார்த்தார். அந்த நேரம் முழுக்க என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"கேஸுதானுங்க. இந்தக் காத்துக் காலத்துல யாருங்க படுதாவை இறக்கிக் கட்டச் சொன்னது?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து மோட்டார் ரூமிலிருந்து ஒரு கிரீச்சல். வந்த நாளிலிருந்து ஒரு சத்தம்கூடப் போடாத ஆலா அடித்தொண்டையில் கத்துகிறது. தம்பி தலையைத் தூக்கினார்.

"என்னுங்கக்கா சத்தம்?"

 வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "மோட்டார் பேரிங்கு போச்சுங்க தம்பி. கெரீச் கெரீச்சுன்னு உசிர வாங்குது" என்றார். முப்பது வருடத்துக்குமேல் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், அந்த மனிதர் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டதில்லை. நாளைக்குக் கம்பெனி டாக்டரும் வந்து தோட்டம் முழுக்க ஒரு பார்வை பார்ப்பார் என்று சொல்லிவிட்டுத் தம்பி வண்டியை எடுத்தார்.

ஆக, நாளைக்குள் அது இங்கே இருக்கக் கூடாது. கடற்கரைக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி மகள் ஏற்கனவே நச்சரித்துக்கொண்டிருந்தாள். வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குப் பஸ்ஸில் அட்டைப்பெட்டியோடு போக நான் தயார்தான். கத்துகிறதை மடியில் வைத்துக்கொண்டு செக்போஸ்ட்டில் என்ன சொல்வது? பேரிங்கு என்றா? இன்னும் நாலு நாள் மீன் தின்றிருந்தால் தேறியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த நாலு நாள் எங்களிடம் இல்லை.

மத்தியானம் பஞ்சாரத்தைத் தூக்கினேன். தரையில் விட்டால் குட்டைக் காலால் தத்தியது, எழும்ப முடியவில்லை. மோட்டார் ரூம் மாடிப்படியில் ஏறி, மேற்கே பார்த்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். காற்று பட்டதும் அந்த இறக்கைகள் தாமாக விரிந்தன. கையில் எடையே தெரியவில்லை. போய்விட்டது.

மேற்கே திரும்பிக் காற்றுக்கு எதிராகக் கொஞ்சநேரம் அந்தரத்திலேயே நின்றது. போ போ என்று என் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஓரடி முன்னால் போனால் இரண்டடி பின்னால் வந்தது. பிறகு சாய்ந்து, திரும்பி, காற்று போன போக்கிலேயே கிழக்கே போகத் தொடங்கியது. தென்னைகளுக்கு மேலாகக் காங்கேயம் திசையில், ஒரு சொட்டு ஈரமில்லாத மேய்ச்சல் காட்டுப் பக்கமாகப் போய் மறைந்தது.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் எப்போது பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியாது. அத்தனை நாளுக்கப்புறம் அவ்வளவு கிட்டே நின்றார். கிழக்கே பார்த்துக்கொண்டே, "அந்தப் பக்கமும் கடலு இருக்குதில்ல அம்மணி" என்றார்.

எவ்வளவு தூரம் என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு பொய்க்குமேல் அவருக்கு வராது. அதனால் கேட்கவில்லை.