ராங் சைடில் வந்த தமிழ்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மறதி வேறு. போன வாரம் புளிக்குழம்பு பற்றி எழுதிவிட்டு, புளியை எப்போது ஊற்றுவது என்று எழுதவே இல்லை. வாசகிகள் பொறுமைசாலிகள்... ஒருவர்தான் திட்டினார்.

இந்த வாரம் சமையல் இல்லை. ரோடு.

புனேயில், வானவடியில் எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டி கேட்டுக்கு நேர் எதிரே ஒரு பார்க் இருக்கிறது. சாயங்காலம் அங்கே ஒரு பெஞ்சில் நாங்கள் நாலைந்து தமிழ்ப் பெண்கள் உட்காருவோம். மகனும் மருமகளும் ஆபீஸ் போய்விட்டால் வீட்டில் என்னோடு பேசுவது குக்கர் ஒன்றுதான். வேலைக்கு வரும் பாயியிடம் எனக்குத் தெரிந்த மராத்தி, “போதும்”, “நாளைக்கு வா” — அவ்வளவே. அதனால் நாள் முழுவதும் பேசாததை எல்லாம் அந்த பெஞ்சில்தான் பேசித் தீர்ப்பேன்.

போன வியாழக்கிழமை அங்கே போகத்தான் கேட்டைவிட்டு இறங்கினேன்.

வலது பக்கம் பார்த்தேன். எங்கள் பக்கத்து ரோட்டில் வண்டிகள் வலது பக்கமிருந்துதான் வர வேண்டும். நடுவில் டிவைடர் போட்டிருக்கிறார்கள். வண்டி ஒன்றும் இல்லை. காலை எடுத்து வைத்தேன்.

இடது பக்கமிருந்து வந்தது ஸ்கூட்டி. ஹாரன் வேறு.

ஹாண்டில் முழங்கையில் உரசியது. உட்கார்ந்துவிட்டேன், நடு ரோட்டில். முழங்காலில் நல்ல அடி. கேட் ஓரத்தில் கொத்தமல்லி விற்கும் மராட்டிக்கார அம்மா ஓடிவந்து, “ஆஜி, லாக்லா கா?” என்று தூக்கிவிட்டாள். பாட்டி, அடிபட்டதா என்று கேட்கிறாள். பட்டதா? பட்டது.

ஸ்கூட்டி நின்றது. ஓட்டி வந்தவளுக்கு முகமே இல்லை. இந்த ஊர்ப் பெண்கள் வண்டி எடுத்தால் துப்பட்டாவைத் தலையிலிருந்து கழுத்து வரை சுற்றிக்கொள்வார்கள். கண் மட்டும்தான் தெரியும். தூசிக்காம், வெயிலுக்காம். ஹெல்மெட்? அது பத்திரமாக முழங்கையில் தொங்கியது.

நான் பயந்த சுபாவம். கடைக்காரர் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தாலும் வாய் திறக்க மாட்டேன். ஆனால் தமிழில் ஒரு வசதி இருக்கிறது — இந்த ஊரில் அதில் யாரை வேண்டுமானாலும் திட்டலாம். யாருக்குப் புரியப்போகிறது? வெளியூரில் இருக்கும் நம்மவர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இல்லை என்று சொல்லாதீர்கள்.

“ஏட்டி, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? வாரதே தப்பான பக்கம், இதுல ஹாரன் வேற. மூஞ்சியப் பொட்டலம் மாதிரி கட்டிக்கிட்டா யாருன்னு தெரியாதுன்னு நெனப்போ? உன்ன மாதிரி நாலு பேரு வந்தா இந்த ஊருல ஒரு கெழவி மிஞ்ச மாட்டா...”

பொட்டலம் பிரிந்தது. உள்ளே சின்னப் பெண். கண் கலங்கியிருந்தது.

“மன்னிச்சிருங்க பாட்டி. இன்னும் பாக்கி இருந்தா அதையும் திட்டிருங்க. எனக்குத் தமிழ் தெரியுமுங்க.”

எனக்கு முழங்கால் வலியே மறந்துபோனது. வெட்கம்.

பெயர் நிவேதா. கோயம்புத்தூர்ப் பிள்ளை. ஐ.டி. கம்பெனி வேலை, எங்களுக்குப் பக்கத்து சொசைட்டியில் வாடகைக்கு இருக்கிறாள்.

“ஏன் தாயி தப்பான பக்கமா வார?”

“யூ-டர்ன் ரொம்பத் தள்ளிங்க பாட்டி. பாலத்துக்கு அடியில போய்த் திரும்பி வரோணும். எல்லாரும் இப்படித்தானுங்க வர்றாங்க.”

“உங்க ஊருலயும் இப்படித்தான் ஓட்டுவியோ?”

“இல்லீங்க. அங்க ஒழுங்கா ஓட்டுவேன்.” கொஞ்சம் யோசித்தாள். “ஓரளவுக்கு ஒழுங்காங்க.”

பொய் சொல்லத் தெரியாத பெண். அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால் அடுத்து அவள் சொன்னது, “வீட்டுக்கு வந்து அங்க இருக்கறவங்ககிட்ட சாரி சொல்றனுங்க.”

“ஐயோ, வீட்டுக்கு மட்டும் வந்துராத.”

ஏன் என்று கேட்கிறீர்களா? எங்கள் பெஞ்சில் உட்காரும் ஒரு அம்மாவைப் போன மழைக்காலத்தில் ஒரு பைக் தட்டிவிட்டது. சின்னக் காயம், ஆறிவிட்டது. ஆனால் வீட்டில் அவரை வெளியே விடுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பால்கனியிலிருந்து எங்களுக்குக் கை காட்டுகிறார். அடிபட்டது காலில்தான். நின்றுபோனது பேச்சு.

என் மகன் செந்திலுக்குத் தெரிந்தால் எனக்கும் பால்கனிதான்.

அதனால் மறைத்தேன். முழங்கையைச் சேலைத் தலைப்பு மறைத்துக்கொண்டது. முழங்காலை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. நம் வயதில் நொண்டி நடந்தால் ஏன் என்று யார் கேட்கிறார்கள்?

சனிக்கிழமை காலை காலிங் பெல் அடித்தது. செந்தில்தான் கதவைத் திறந்தான். வாசலில் நிவேதா. கையில் ஆப்பிள் பை, வலிக்குத் தடவுகிற ஆயின்மென்ட். வாட்ச்மேனிடம் “தமிழ் பாட்டி வீடு எது” என்று விசாரித்து வந்திருக்கிறாள். நான் அடுக்களையிலிருந்து கண்ணைக் காட்டுவதற்குள் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டாள்.

செந்திலுக்குக் கோபம் வந்தது. யார் மேல்?

அவளிடம், “அரே, பரவால்ல. புனே டிராஃபிக்கே அப்படித்தான். நீங்க டென்ஷன் ஆவாதீங்க. சாய் குடிக்கறீங்களா?” என்றான்.

என் பக்கம் திரும்பினான். “க்யா அம்மா, ஏன் சொல்லல? பஸ், போதும். இனிமே நீ தனியா கீழ இறங்க வேண்டாம். பாஜி, காய்கறி எல்லாம் ஆப்ல வந்துரும். பேசணும்னா வீடியோ கால்ல பேசு.”

பாருங்கள் நியாயத்தை. தப்பான பக்கம் வந்தவளுக்குச் சாய். சரியான பக்கம் பார்த்து நடந்தவளுக்கு வீட்டுக் காவல். நம் ரோடுகளே இப்படித்தான் — தப்பாகப் போகிறவருக்கு அவசரம் என்கிறார்கள், அடிபட்டவருக்கு வயசாகிவிட்டது என்கிறார்கள்.

சாய் போட்டுக் கொடுத்தேன்.

நிவேதா ஒரு வாய் குடித்துவிட்டு, செருப்பு ஸ்டாண்டின் மேலே பார்த்தாள்.

“அண்ணா, அந்த மஞ்சள் ஹெல்மெட் உங்களுதுங்களா?”

“ஹாங். ஏன்?”

“சாயங்காலம் நெறைய நாள் உங்க பின்னாடிதானுங்க வருவேன். இந்த ஊருக்கு வந்த புதுசுல நான் யூ-டர்ன்லதான் வந்துட்டு இருந்தனுங்க. நீங்க டிவைடர் சந்துல சட்டுனு திரும்பி, இந்தப் பக்கமா எதுக்க வருவீங்களா... அதப் பாத்துட்டு, ஓ, இப்படியும் வரலாமாட்ட இருக்குதுன்னு நானும் வர ஆரம்பிச்சனுங்க.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை அவள். நிஜமாகவே விவரம்தான் சொன்னாள்.

செந்தில் சாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குச் சத்தமாகப் பேச வராது. பிஸ்கட் தட்டை நீட்டியபடியே கேட்டேன். “ஏல, தப்பான பக்கம் வாரது நீயும் இந்தப் புள்ளையும். வீட்டுக்குள்ள கெடக்க வேண்டியது நானா?”

“நீ விழுந்து எலும்பு கிலும்பு முறிஞ்சா என்னம்மா பண்றது? எனக்கு பயமா இருக்கு.”

அவன் குரலில் பயம் நிஜமாகவே இருந்தது. அதனால்தான் எனக்கும் நிஜத்தைச் சொல்ல முடிந்தது.

“எனக்கும் பயந்தாம்ல. சாயங்காலம் ஒன் வண்டிச் சத்தம் கேக்குற வரைக்கும் தெனமும் பயந்தான். அதுக்காவ ஒன்ன வீட்டுல உக்கார வச்சேனா?”

நிவேதா மட்டும், “சாய் நல்லா இருக்குதுங்க பாட்டி,” என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் சேலையைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தேன். மருமகள் சீக்கிரமே வந்திருந்தாள். தடுக்கவில்லை. “போன் எடுத்துக்கிட்டீங்களா அத்தை?” என்றாள், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் பார்த்தேன். மேலேயும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் ஹெல்மெட் வந்தது. டிவைடர் சந்து பக்கத்தில் வேகம் குறைந்தது. என் பேச்சு நின்றுவிட்டது. ஹெல்மெட் கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது... பிறகு நேராகப் பாலத்தைப் பார்த்துப் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர், “என்ன, பாதியில நிறுத்திட்டீங்க?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தொடர்ந்தேன்.

வீட்டில் செந்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்ரோல் தண்டம் என்று மட்டும் முணுமுணுத்தான். முணுமுணுத்துக்கொள்ளட்டும்.

நிவேதா யூ-டர்ன் எடுக்கிறாளா? தெரியாது. எல்லா ஸ்கூட்டியிலும் துப்பட்டாதான் போகிறது, எதற்குள் அவள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ராங் சைடில் இன்னும் நிறையப் பேர் வருகிறார்கள். முன்னைப் போல மனம்விட்டுத் திட்டவும் முடியவில்லை. எந்தத் துப்பட்டாவுக்குள் எந்த ஊர்த் தமிழ் இருக்கிறதோ.

ஒரு சந்தேகம். யூ-டர்ன் பாலத்துக்கு அடியில் என்று எழுதிவிட்டேன். அடியிலா, பாலத்தைத் தாண்டியா? நான் வண்டி ஓட்டுகிறவள் இல்லை, நிவேதா சொன்னது சரியாக ஞாபகமும் இல்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது பார்த்துத் திருத்திச் சொல்லுங்கள்.

அவசரமில்லை... மெதுவாகவே போய்ப் பாருங்கள்.