மகளின் இறக்கைக்குப் பக்கத்தில்

புணே விஷ்ராந்த்வாடியில் நானும் ஜெர்மனியில் என் மகளும், ஞாயிறுதோறும் கணினித் திரையில் ஜோடியாக விமானம் ஓட்டுவோம். எங்களுக்குள் மிஞ்சியிருக்கும் பேச்சு அது ஒன்றுதான். முன்னால் பறக்கிற அவள் வேகத்தை மாற்றக்கூடாது. பக்கத்திலேயே பறப்பது என் பொறுப்பு.

அன்று அவள் விலகுவதுபோலத் தெரிய, பதறிப்போய், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டில் பிடியை முழுக்கத் தள்ளினேன்.

"அப்பா, என்னைத் தாண்டிட்டீங்க!"

பின்னால் இழுத்தேன். விமானம் தாமதமாகத்தான் சொன்னபடி கேட்டது. அதற்குள் அவள் என்னைக் கடந்து, மேகத்தோரம் புள்ளியானாள். மறுபடி தள்ளினேன். மறுபடி தாண்டினேன்.

"அரே அப்பா, கிட்ட வர்றதுக்கு முன்னாடியே குறைக்கணும். எத்தனை தடவை சொல்றது!" என்று சிரித்தவள், பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நான் வேணா ஸ்லோ பண்ணட்டுமா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"வேண்டாம்மா. நீ உன் வேகத்துலயே போ."

இன்றும் கை த்ராட்டிலில்தான் இருக்கிறது. எவ்வளவு தள்ளினால் போதும் என்பதுதான் தெரியவில்லை.