பேட்டைச் சந்தில் கை நனைத்த ஞாயிறு

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. என் மகனுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பாவும் அம்மாவும், பெங்களூரு நீலசந்திராவில் இருக்கிற எங்கள் வீட்டைப் பார்க்கக் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். காலையில் வந்து சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு. ஊருக்குப் போய் யோசித்துப் பதில் சொல்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஏற்கெனவே இரண்டு இடம் கூடிவந்து தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் என் மனைவி தாங்கமாட்டாள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீசை முளைக்கும் முன்பே இந்த ஊருக்கு வந்து, கட்டிட வேலையில் பலகை சுமந்தேன். பிறகு சென்ட்ரிங் மேஸ்திரி, அதன் பிறகு சொந்தமாகக் காண்ட்ராக்ட். நான் முட்டுக் கொடுத்து நிறுத்திய மாடிகளில் இன்றுவரை ஒரு விரிசல் விட்டதில்லை. விட்டிருந்தால் வந்து காட்டட்டும். வீடும் நானே நின்று கட்டியதுதான்.

அதேபோல, ஒருநாள் இரண்டு நாள் பெங்களூருக்கு வருகிறவர்கள் எங்கே சாப்பிடுவது என்று என்னைத்தான் கேட்பார்கள். எந்த ஓட்டலில் என்ன நன்றாக இருக்கும், எங்கே போகவே கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் உறுதியாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பி, தண்ணீரோடு சரி. இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் அன்று மத்தியானச் சாப்பாடு வெளியில்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மகன் பக்கத்திலேயே ஒரு ஏசி ஓட்டலில் இடம் சொல்லி வைக்கிறேன் என்றான். நான் விடவில்லை.

ஊரின் நெரிசலான கடைத்தெருப் பகுதியான பேட்டையில் ஒரு பழைய டிபன் ஓட்டல். நான் கூலிக்காரனாக இருந்த காலத்தில், வாரம் முழுக்கச் சிமெண்டில் ஊறிய கையை ஞாயிறு காலையில் எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, நாங்கள் நாலைந்து பேர் நடந்தே அங்கே போவோம். தெருமுனை திரும்பும்போதே நெய் வாசனை வரும். கல் மேஜை, பித்தளை டம்ளர். தோசையின் மேல் வெண்ணெய் உருகி வழிவதைச் சாப்பிடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்போம். அந்த ருசியைப் பெண் வீட்டாருக்குக் காட்டாமல் ஏசி ஓட்டலா? வருகிறவர்கள் வாழ்நாள் முழுக்கப் பேச வேண்டாமா?

வீட்டைச் சுற்றிக் காட்டினேன். ஒவ்வொரு தூணுக்கும் ஒரு கதை சொன்னேன். கிளம்பவே நேரமாகிவிட்டது. வழியில் டவுன் ஹால் பக்கம் வண்டிகள் நகரவில்லை. பேட்டைக்குள் கார் நுழைய இடமில்லை என்பதால், மகன் எங்களை இறக்கிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான். நான் முன்னால் நடந்தேன். பெண்ணின் அப்பா அதிகம் பேசாதவர். ஏங்க, இன்னும் தூரமா என்று மட்டும் கேட்டார். இதோ வந்துட்டோம் என்றேன். அடுத்த தெருவிலும் அதையே சொன்னேன்.

ஓட்டல் இருந்தது. அதே பெயர்ப்பலகைதான். ஆனால் ஷட்டர் இறக்கியிருந்தது. மத்தியானம் மூடிவிட்டுச் சாயங்காலம்தான் திறப்பார்களாம். நான் அங்கே காலையில் மட்டுமே சாப்பிட்டவன். மத்தியானத்தில் அது மூடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பக்கத்துச் சந்தில் வேறு ஏதாவது இருக்கும் என்று அழைத்துப் போனபோது, பெண்ணின் அப்பா ஒரு வீட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது, கை நடுங்கியது. கூப்பிட்டால் கண் எங்கோ பார்த்தது. வீடு பார்க்க வந்த இடத்தில் மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பெண்ணின் அம்மா அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "சுகருங்கண்ணா அவருக்கு. விடியகாலைல வர்ற வழியில அத்திபெலேல ரெண்டு இட்லி தின்னாரு, மாத்திரை போட்டாரு. அதோட ஒண்ணுமில்ல."

"வூட்டுலயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள் என் மனைவி.

"எப்படிக்கா சொல்றது? சீக்கு இருக்கிற குடும்பம்னு நினைச்சிட்டா?"

அந்த வீட்டுக் கதவு திறந்தது. அறுபது வயதிருக்கும், கன்னடக்கார அம்மாள், கையில் கரண்டியோடு வந்தார். யார், என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆளைப் பார்த்ததும் உள்ளே ஓடி, வெல்லக்கட்டியை உடைத்து வந்து அவர் வாயில் போட்டார். பிறகு சர்க்கரை கலந்த தண்ணீர். சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அப்பா கண்ணில் தெளிவு வந்தது. எங்களைப் பார்த்து, வெட்கப்பட்டுக்கொண்டு, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்றார்.

அப்போது என் மனைவி ஒரு காரியம் செய்தாள். "இவருக்கும் சுகர்தாங்கண்ணா. நீங்க வர்றீங்கன்னு நேத்தே மாத்திரை டப்பாவை அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சாரு. இன்னிக்கு நானே தேடிக் கண்டுபிடிச்சேன்" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் காப்பியைக் கையிலேயே வச்சுக்கிட்டு தூணைப் பத்தியே பேசிட்டிருந்தீங்களா?" என்றார். காலையிலிருந்து அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். படியில் உட்கார்ந்தபடியே எல்லோரும் சிரித்துவிட்டோம்.

நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தோம். வீட்டுக்கார அம்மாள் வழியை மறித்தார். அவருக்குத் தமிழும் கன்னடமும் கலந்து வந்தது. "எல்லி ஹோக்தீரா? எங்க போறீங்க? ஊட்டா மாடி, சாப்பிட்டுப் போங்க. இவரை இப்படியே ரோட்டுல இழுத்துக்கிட்டுப் போவீங்களா?"

மகனுக்குப் போன் செய்து அங்கேயே வரச் சொன்னேன். அந்த அம்மாள் அடுப்பில் மறுபடி உலை வைத்துக் களி கிண்டினார். எங்கள் ஊர்க் களிதான், அவர்களுக்கு அது முத்தெ. தொட்டுக்கொள்ள, அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கி வைத்த பிதுக்கம்பருப்புக் குழம்பு. அவரைக்காய்க் காலம், வீடே மணந்தது. தரையில் வரிசையாகத் தட்டு வைத்தார். பெண்ணின் அப்பா, அம்மா, எதிரில் நான், என் மனைவி, மகன்.

நெய்க் கிண்ணத்தோடு வந்தவர் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "நீங்க பீகரா?" என்று கேட்டார். கன்னடத்தில் பீகர் என்றால் சம்பந்தி. சம்பந்திகள் என்றால் அவர்கள் வழக்கத்தில் பெண் வீட்டுக்கு முதலில் நெய் விடுவார்களோ, மாப்பிள்ளை வீட்டுக்கோ, எனக்குத் தெரியாது.

மகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவி என் தொடையை அழுத்தினாள், வாயைத் திறக்காதே என்று. எதற்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற பழக்கம் எனக்கு. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று அன்றைக்கு எப்படியோ புரிந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பெண்ணின் அம்மா கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்துக்கொண்டே தலையை மட்டும் அசைத்தார்.

"ஆமாம்மா, சம்பந்திங்கதான்" என்றார் பெண்ணின் அம்மா.

அப்படியானால் ஆளுக்கு இரண்டு கரண்டி என்று சொல்லி, நெய்யை எல்லோருக்கும் விட்டார் வீட்டுக்கார அம்மாள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழம்பு காரம் என்றாள். அதில் காரமே இல்லை.

முதல் பத்திரிகையை அந்த வீட்டுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தோம். கல்யாணத்துக்கு அவர் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். பிறகு தன் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் துணிக்கடைகள் நிறைந்த பெரிய கட்டிடம் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், படி இருந்த இடம் இதுதானா, அடுப்படி எந்தப் பக்கம் என்று மனதுக்குள் அளந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். எத்தனையோ பேச்சுப் பேசி, எத்தனையோ வேலை பிடித்து முன்னுக்கு வந்தவன் நான். ஆனாலும் முன்பின் தெரியாத அந்த அம்மாள் கேட்ட ஒரு கேள்விக்கு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததுதான், என் ஆயுசில் நான் செய்த கெட்டிக்காரத்தனம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.