பாய்ப்புடைப்பில் ஒரு கிழிசல்

உலக யுத்தத்தில் கொழும்பில் குண்டு விழுந்த வருஷம், எங்கள் கடற்கரை ஊரான திரேஸ்புரத்தில் பொழுது சாய்ந்தால் வெளிச்சம் காட்டக் கூடாது. வீட்டுக்குள் ஏற்றும் அரிக்கேனுக்கும் கறுப்புத் தாள் ஒட்ட வேண்டும். கொஞ்சம் கசிந்தாலும் ரோந்து சுற்றுகிறவர்கள் வாசலில் வந்து விசில் ஊதுவார்கள். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வயிற்றில் ஐந்து மாதம்.

இருட்டியதும் நான் முட்டிக்கொள்ளாத தூண் கிடையாது. தண்ணீர்ப் பானையை உடைத்தேன். மாமியாரின் காலை இரண்டு முறை மிதித்தேன். ஆனாலும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஊரே இருட்டாகக் கிடந்ததால் ஊருக்கே கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்கள் என்னைவிடச் சாமர்த்தியமாகத் தடவி நடக்கிறார்கள், அவ்வளவுதான். இது சர்க்கார் உத்தரவால் வந்த குருடு, சண்டை முடிந்தால் சரியாகிவிடும். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று நீங்கள் சிரிக்கலாம். நானே பிற்பாடு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

ஓர் அந்தியில் மாமியார் அந்தக் கறுப்புத் தாள் விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிற சத்தம் கேட்டது.

"இந்த இருட்டுல எப்படித் தெரியுது மாமி?" என்றேன்.

"ஏன், ஒனக்குத் தெரியலியா?"

"தெரியுதே," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றேன். எனக்கு வந்திருப்பது மாலைக்கண் என்று அப்போதுதான் புரிந்தது. தாய்க்கு மாலைக்கண் இருந்தால் பிள்ளையும் கண் தெரியாமல் பிறக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அது பொய் என்று சொல்ல அந்த அடுப்படியில் ஆள் இல்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஒரு தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்திப் போகிறவர். மாதா திருவிழா முடிந்து கடல் அடங்கினால் கொழும்புக்கு முதல் பயணம் புறப்படும். முதல் பயணம் போகிற தண்டலுக்குத் தனி மரியாதை. நான் வாயைத் திறந்தால் இந்த மனுஷன் போகமாட்டார், தோணியில் வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள். ஆகவே மூச்சு விடவில்லை.

அவருக்கு வானத்தைப் பற்றிப் பேசாமல் சோறு இறங்காது. துறைமுக விளக்குகள் அவிந்த பிறகு பேச்சு இன்னும் கூடிப்போயிற்று. தெற்கு வானத்தில் பால்வெளி என்கிற அந்த வெளுத்த பாதை ஓரிடத்தில் சட்டென்று பெருத்து நிற்குமாம், காற்று பிடித்த தோணிப் பாய் புடைத்து நிற்கிற மாதிரி. அதற்கு அவராக ஒரு பேர் வைத்திருந்தார்: பாய்ப்புடைப்பு. அங்கே வெள்ளிகள் எண்ணி மாளாது என்பார். கடற்கரையில் நாங்கள் விண்மீனை வெள்ளி என்றுதான் சொல்வோம்.

திருவிழாக் கொடி இறங்கிய வாரம் ஒரு நாள், சாயங்கால ஜெபம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக் கடற்கரை மணலுக்குக் கூட்டிப்போனார். கொஞ்ச தூரம் நடந்து நின்றார்.

"பாய் எப்படிப் புடைச்சு நிக்கி, தெரியுதா, ஏளா?"

எனக்கு எதிரே இருந்தது இருட்டு மட்டும்தான். "தெரியாம என்ன," என்றேன். "அம்மாடி, எம்புட்டு வெள்ளி! மல்லிகைப்பூவ அள்ளிக் கொட்டுன மாதிரில்லா இருக்கு."

அவர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு, "சரி, வா, வீட்டுக்குப் போவோம்," என்றார். வரும்போது என் தோளைப் பிடித்திருந்தார். நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

மறுநாள் காலையில் ஒரு பெரிய சுறா ஈரலோடு வந்தார். "வயித்துப் பிள்ளைக்கு நல்லதாம்," என்று மாமியாரிடம் கொடுத்தார். மாமியார் அதை உருக்கி எண்ணெய் எடுத்தார்கள். தினமும் ஒரு கரண்டி. அந்த நாற்றம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கி, ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டியை வாயில் அடக்கிக்கொள்வேன். அந்த வாரம் தோணி கொழும்புக்குப் போயிற்று. இவர் போகவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார். நானும் அதை நம்பி, அவர் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தேன்!

அடுத்த அமாவாசைக்குள் எனக்குத் தூண்கள் தெரிந்தன. பிறகு ஒரு சாயங்காலம் கொல்லையில் நிமிர்ந்து பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். தெற்கே அது இருந்தது. அவர் சொன்னதெல்லாம் கொஞ்சம்தான். மேலேயிருந்து இறங்கி வந்த வெள்ளைப் பாதை அங்கே வயிறு பெருத்து, பால் பொங்கின மாதிரி நின்றது. ஆனால் நட்டநடுவே கறுப்பாக, நீளமாக ஓர் இடம் காலியாகக் கிடந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். கறுப்பு அப்படியே இருந்தது.

"ஏங்க!" என்று அலறினேன். அவர் ஓடி வந்தார். "எனக்கு நடுவுல கண்ணு தெரியலங்க. ஓரத்துல தெரியுது, நடுவுல இல்ல. எனக்கு மாலைக்கண்ணுங்க, ஒங்ககிட்ட மறைச்சிட்டேன்."

அவர் வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏளா, அது பாயில உள்ள கிழிசல். ஒனக்கு மட்டுமில்ல, உலகத்துக்கே அப்படித்தான் தெரியும்."

அன்று வயிற்றில் இருந்தவள் வளர்ந்து பள்ளிக்கூட வாத்தியாராகி, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டாள். அவள் புத்தகம் பார்த்து எனக்குச் சொல்கிறாள். அந்தக் கறுப்பு வெறும் தூசாம். அதற்குப் பின்னால்தான் நம் விண்மீன் கூட்டத்தின் நடு இருக்கிறதாம். உரிக்காத நிலக்கடலை மாதிரி இரண்டு பக்கமும் பெருத்து, இடையில் கொஞ்சம் ஒடுங்கிய ஒரு வடிவமாம். அங்கே இருப்பவை பெரும்பாலும் வயசான, சிவந்த விண்மீன்களாம். ஓரிடத்தில் மட்டும் தூசு மெலிந்து ஒரு சின்ன ஜன்னல் போல இருக்கிறதாம். அந்த யுத்தம் முடிந்த கையோடு யாரோ ஒரு வானியலாளர் அதன் வழியாகத்தான் உள்ளே எட்டிப் பார்த்தாராம். கிழவிகள் நிறைந்த கூட்டம் என்று கேட்டதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. அன்றைக்குக் கொல்லையில் அவர் சிரித்து முடித்ததும் கேட்டேன், "மாலைக்கண்ணுன்னு சொல்லுதேன், நீங்க திடுக்கிடவே இல்லியே?"

"மணலுக்குக் கூட்டிப் போன அன்னைக்கே தெரியும்," என்றார். "நான் கேட்டது வானத்தையா? தச்சு முடிச்ச தோணிப் பாயைக் கம்புல கட்டிக் காயப் போட்டிருந்துது. கச்சான் காத்துல புடைச்சு, ஒன் மூஞ்சிக்கு ஒரு முழத்துல நின்னுது. அதைப் பாத்துத்தான் நீ மல்லிகைப்பூன்னே."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப ஏன் கேக்கல?"

"நீ எனக்காகத்தானே மறைச்சே. நானும் ஒனக்காக மறைச்சேன்."

முதல் பயணம் போன மரியாதை அந்த வருஷம் வேறு ஒரு தண்டலுக்குப் போயிற்று. அதைப் பற்றி இவர் சாகும்வரை ஒரு சொல் சொன்னதில்லை. அவருக்கும், என் மாலைக்கண்ணை விரட்டிய அந்த நாற்றம் பிடித்த சுறாவுக்கும் நான் பட்ட கடன் தீராது.

மார்கழியில் ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் மகள் பிறந்தாள். அப்போதும் விளக்கில் கறுப்புத் தாள்தான். மாமியார் பிள்ளையைத் துடைத்து என் கையில் கொடுத்தார்கள். விளக்கைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவரச் சொன்னேன். குழந்தை கண்ணைத் திறந்து வெளிச்சம் வந்த பக்கம் திரும்பியது. நெற்றி, மூக்கு, உதடு, காது மடல் வரைக்கும் அவள் முகத்தை மெதுவாகப் பார்த்தேன். எங்கேயும் ஒரு கிழிசல் இல்லை.