பூனாகலைப் பாதையில் நான் பார்க்காத மைல்கள்

இரவு மெயிலிலிருந்து பண்டாரவளை ஸ்டேஷனில் இறங்கியபோது காலை ஏழு மணி. எழுபத்திரண்டாம் ஆண்டு, தை மாதம். கொழும்பின் வியர்வை கழுத்தில் காய்வதற்குள் மலைக் குளிர் காதைப் பிடித்துத் திருகியது. முப்பத்தொரு வயதில் நான் தனியாகச் செய்த முதல் பயணம் இது. சிறு வயதிலிருந்தே எனக்கு வலிப்பு உண்டு. மூலைக் கடைக்குப் போய் உப்பு வாங்கி வருவதற்கே வீட்டில் ஒரு துணை ஏற்பாடு செய்வார்கள்.

பூனாகலைத் தோட்டத்தில் என் தங்கை விஜயாவுக்கு ஆண் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எங்கள் சொந்தத்தில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்டன. ஒன்றைக்கூட நான் மடியில் வைத்ததில்லை. யாரும் தரமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். இந்தப் பிள்ளையையாவது கேட்டு வாங்கிவிடுவது என்றுதான் ரயில் ஏறினேன். லீவு கிடைக்காத என் கணவர், "மாத்திரைய மறந்துடாத" என்று பிளாட்பாரம் முடியும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். மாத்திரையை மறக்கவில்லை. தூக்கம்தான் வரவில்லை. தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம் என்று டாக்டர் சொன்னது மூன்றாம் வகுப்புப் பலகைக்கு எங்கே தெரியும்?

பண்டாரவளைக் கடைவீதியில் கோவா, லீக்ஸ் என்று மலைக் காய்கறிகள் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தன. எட்டரை மணிக்குப் பூனாகலை பஸ். பத்து மைல், டிக்கெட் அறுபது சதம். என் பக்கத்தில் அதே தோட்டத்து மருதாயி என்ற பெண் வந்து உட்கார்ந்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு ஒன்றைப் புதிதாக வாங்கி மடியில் வைத்திருந்தாள்.

"எங்கம்மா போறீங்க?"

"பூனாகலைக்கு. தங்கச்சி பிள்ளையப் பாக்க."

"தனியாவா?"

"தனியாத்தான்" என்றேன். கொஞ்சம் திமிராகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

முன் இருக்கையில் பெரிய துணி மூட்டையோடு ஒரு முஸ்லிம் வியாபாரி இருந்தார். பஸ்ஸில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டார்கள். பின்னால் இரண்டு கவ்வாத்துக்காரர்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடும் வளைந்த கத்திகளைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள்.

பஸ் முக்கி முனகி ஏறியது. ஒரு திருப்பத்தில் மலை சரிந்து, கீழே நாடே விரிந்து கிடந்தது. நல்ல காட்சி என்று நினைத்ததும் வாயில் செப்புக்காசை வைத்தது போல ஒரு ருசி. எனக்கு அது எதற்கு அடையாளம் என்று தெரியும். மருதாயியின் கையைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு சில மைல்களை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். பயணக் கட்டுரை எழுதுகிறவர்களில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள், சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

நான் கீழே விழுந்து உதறியதும், "வலிப்பு! இரும்பக் குடுங்க!" என்று பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்களாம். டிரைவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டார். யாரோ சாவிக்கொத்தைத் தேட, அதற்குள் ஒரு கவ்வாத்துக்காரர் தன் கத்தியையே என் கையில் திணிக்க வந்துவிட்டார். பாவம், நல்ல மனதோடுதான். தீட்டிய கத்தி! நானா அவர் கையைத் தட்டிவிட்டாராம்.

"கத்திய எடுங்க! இரும்பு ஒண்டும் வேணாம். என்ட தங்கச்சிக்கும் இது இருக்கு. கையக் கால அமுக்காதீங்க, வாயில ஒண்டும் வைக்காதீங்க. தண்ணியும் வேணாம். அதுவா நிக்கும்."

துணி மூட்டையைப் பிரித்து ஒரு கைலிச் சாரத்தை மடித்து என் தலைக்குக் கீழே வைத்தார். உதறல் அடங்கியதும் மருதாயியைக் கொண்டு என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். அதுவரை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அஞ்சு நிமிஷத்துக்கு மேல் போனால் பஸ்ஸைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கு விட வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தார். அவ்வளவு நேரம் போகவில்லை.

எனக்கு நினைவு வந்தபோது பஸ் ஓடிக்கொண்டிருந்தது. என் தலை மருதாயியின் தோளில் இருந்தது. இடுப்பைச் சுற்றி அவளுடைய புதுப் படங்கு. ஈரமாகிவிட்ட என் சேலையை யார் கண்ணிலும் படாமல் மறைத்துக் கட்டியிருந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் தூங்கிட்டீங்க" என்றாள்.

அழுதேன். வெட்கத்தால் அழுது பழகியவள் நான். அன்று அழுதது வேறு. எனக்காக ஒரு பஸ் நின்றது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அந்த நானாவுக்கு நான் சரியாக நன்றி சொன்னேனா என்பதுகூட ஞாபகமில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

நான் விஜயா குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே செய்தி குறுக்குப் பாதையில் போய்ச் சேர்ந்திருந்தது. விஜயா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் மாமியார் வெந்நீர் போட்டுக் குளிக்க வைத்தார், ரொட்டி சுட்டுத் தந்தார், தூங்கச் சொன்னார். எல்லாம் செய்தார். பிள்ளையை மட்டும் உள் அறையிலிருந்து வெளியே கொண்டுவரவில்லை. இரண்டு நாள் அதன் அழுகையைத்தான் கேட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கையில் இருக்கும்போது வந்துவிட்டால் என்ற பயம் எனக்கும்தானே இருந்தது. கேட்க வேண்டும் என்று வந்தவள், வாயைத் திறக்காமல் கருவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் விஜயா துணி துவைக்கப் பீலிக்கரைக்குப் போயிருந்தாள். மாமியார் அடுப்பங்கரைப் பலகையையும் அம்மியையும் ஓரமாக நகர்த்தினார். நடுவில் கம்பளியை நாலாக மடித்து விரித்தார்.

"உக்காரு தாயி. செவுத்துல சாஞ்சுக்க."

உட்கார்ந்தேன். பிள்ளையைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தார். என் முழங்காலில் தன் முழங்கால் படும்படி எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"மருதாயிகிட்ட எல்லாம் கேட்டேன். நின்னாத்தான விழணும்? கீழ இருந்தா எங்க விழறது? வாற மாதிரி தெரிஞ்சா சொல்லு. பிள்ளைய நான் வாங்கிக்கிறேன். அப்புறம் ஒன்னையும் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கிறேன்."

பிள்ளை கனமாக இருந்தான். ஒரு மாதப் பிள்ளை இவ்வளவு கனக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். வலிப்பு வரவில்லை. வந்திருந்தாலும் பரவாயில்லை என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன்.

பத்து நாள் கழித்துப் புறப்பட்டேன். திரும்பும் பயணம் பகல் ரயிலில். தூக்கத்தோடு விளையாடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கொழும்பில் எங்கள் வீட்டில் என்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். அந்த அன்பு என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தும். பூனாகலையில் கம்பளி விரித்துக் கொடுத்தார்கள்.

பஸ் வரும் இடம் வரைக்கும் மாமியார் கூடவே வந்தார். லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் நிற்க, அவர்கள் காதில் விழும்படியே சொன்னார்:

"நீங்க ரெண்டு பேருமே பொண்ணுங்க. இவனுக்குத் தாய்மாமன்னு ஒருத்தன் இல்ல. வருஷம் திரும்புனா காது குத்தணும். ஒன் மடியிலதான் வச்சுக் குத்தணும், வந்துரு."

தலையை ஆட்டினேன். "ஆட்டுனா பத்தாது, சொல்லிட்டுப் போ" என்றார்.