துரை காடியில் போய் ரயிலை விட்டோம்

போன புதன்கிழமை ஒரு முட்டைக்கோஸ் லாரியில் ஏறித் தாப்பா ரோடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்வந்தேன்.

எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியின் மனைவி... முட்டைக்கோஸ் லாரியில்! இன்னும் இதே பேச்சுத்தான். தொழிலாளர் லைன் வீடுகளில் பேசுகிறார்கள், ஆபீஸில் பேசுகிறார்கள், பிரிஞ்சாங்கில் கீரை விற்கிற அம்மாகூட லாரி சவாரி எப்படி என்று விசாரித்தார். ஏன் போனேன் என்பது மட்டும் அங்கே ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன் — நீங்கள் யாரும் எங்கள் எஸ்டேட்டில் இல்லை என்ற தைரியத்தில்.

ரீஃபண்ட் கேட்கத்தான் போனேன். ஏற வேண்டிய ரயில் எங்களை விட்டுவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. அந்த டிக்கெட் காசைத் திரும்பக் கேட்க ஒரு மனுஷி மலையிலிருந்து இறங்கிப் போவாளா? போவாள். அவள் வயிறு எரிகிறபோது கண்டிப்பாகப் போவாள்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அக்கா பினாங்கில் இருக்கிறாள். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற வழியிலேயே வீடு. அவளைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. ஜூன் மாதம் அத்தானுக்கு ஜோகூருக்கு மாற்றல். அதன் பிறகு அவளை எப்போது பார்ப்பேனோ, முருகனுக்குத்தான் தெரியும். அதனால் தைப்பூசத்துக்குப் போயே தீருவது என்று, எங்கள் வீட்டுக்காரரை நச்சரித்து, ரயிலில் இரண்டு சீட் முன்கூட்டியே பதிவு செய்ய வைத்தேன். தைப்பூச ரயிலில் சீட் கிடைப்பது லேசா?

விஷயத்தைப் பக்கத்து வீட்டு மரகதத்திடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். மறுநாளே அவளும் அதே ரயிலில் இரண்டு சீட் போட்டுவிட்டாள்.

மரகதத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரின் மனைவி. ஊசி போடுவது, மருந்து கலக்குவது, காயத்துக்குக் கட்டுப்போடுவது எல்லாம் அவள் புருஷன் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் அவர்களுடையதற்கும் நடுவே ஒரு வேலிதான். அவள் பக்கத்து ரோஜா பூக்கிறது, என் பக்கத்து ரோஜாவில் இலைதான் வருகிறது. ஒரே மண், ஒரே மழை! அவள் போட்ட மாங்காய் ஊறுகாய் வருஷம் தாண்டும், என்னுடையது ஒரே மாதத்தில் பூத்துப்போகும். அவள் புருஷன் அவள் சொன்னதற்குத் தலையாட்டுவார். என் புருஷன் எஸ்டேட் மேனேஜர் துரை சொன்னதற்குத் தலையாட்டுவார்.

பொறாமையா என்று கேட்கிறீர்களா? ஆமாம். வேறென்ன பெயர் வைப்பது?

பயணத்துக்கு முதல் நாள் சாயந்தரம் எங்கள் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"நாளைக்குத் துரை தெலுக் இந்தான் போறாராம். போற வழியில நம்மள ஸ்டேஷன்ல இறக்கி விடறேன்னு அவரே சொன்னாரு. துரை காடியில போறோம், தெரியுமா?"

காடி என்றால் எங்கள் பக்கம் கார். துரையின் காடியில் ஏறுவது எஸ்டேட்டில் யாருக்கும் லேசில் வாய்க்காது. ஓடிப்போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மரகதத்திடம் சொன்னேன். அவர்கள் கோலா தெர்லாவிலிருந்து வருகிற ஆறுமுகத்தின் காய்கறி லாரியில் போவதாக ஏற்பாடு. அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. அந்த ஒரு கணத்துக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? அன்றைக்கு இரவு அருமையாகத் தூங்கினேன்.

காலையில் துரை வந்தார். எங்கள் வீட்டுக்காரர் முன் சீட்டில், நான் பின்னால் மெத்தையில் சாய்ந்துகொண்டு. ரிங்லெட்டுக்கு முன்னால் ஒரு வளைவில் ஆறுமுகத்தின் லாரியை முந்தினோம். முன்னால் டிரைவர் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு டிரெஸ்ஸரும் மரகதமும். நான் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கை காட்டினேன். கையை உள்ளே எடுக்க மனமே வரவில்லை.

ரிங்லெட்டில் துரை வண்டியை ஒரு பங்களா வாசலில் நிறுத்தினார். அவருடைய சிநேகிதர் வீடாம். "ஃபைவ் மினிட்ஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஐந்து நிமிஷம் போனது. இன்னும் ஓர் ஐந்து நிமிஷம். ஜன்னல் வழியாக டீக்கோப்பை தெரிந்தது, சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் எங்கள் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினேன்.

"போயி ரயிலுக்கு நேரமாச்சுன்னு சொல்லுங்களேன்."

"துரை டீ குடிக்கிறாருலா! நடுவுல போயி எப்படிச் சொல்றது?"

"அப்ப ரயிலு போயிரும்."

"போகாது. துரைக்குத் தெரியாதா?"

எஸ்டேட்டில் வாழ்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. துரை கூப்பிட்டால் மறுக்கக்கூடாது, துரையிடம் நேரமாகிவிட்டது என்று யாரும் வாய் திறக்கக்கூடாது. எங்கேயும் எழுதிவைத்த சட்டமில்லை. எழுதிவைத்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

அப்போது பின்னால் லாரி வந்தது. எங்களைப் பார்த்து நின்றது. டிரெஸ்ஸர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன அண்ணே, காடி கெட்டுப்போச்சா? ஏறிக்குங்க, நேரம் ஆவுது!"

"இல்ல இல்ல, நீங்க போங்க தம்பி. துரை டீ குடிக்கிறாரு, இப்ப வந்துருவாரு."

"அக்கா, நீங்களாச்சும் வாங்களேன்" என்றாள் மரகதம். "மடியில ஒக்காந்துகூடப் போயிரலாம்."

ஏறியிருக்கலாம். இடுப்பில் ஒரு கை, தோளில் ஒரு கை கொடுத்துத் தூக்கியிருப்பார்கள். ஆனால் சற்று முன்னால் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கை காட்டிய நான் எந்த முகத்தோடு அந்த லாரியில் ஏறுவது? "நீ போ மரகதம், நாங்க முந்திக்கிட்டுப் போயிருவோம்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். தாப்பா ரோடு வந்துசேர்ந்தபோது பிளாட்பாரம் காலி. ரயில் போய்விட்டது. துரை உண்மையாகவே வருத்தப்பட்டார், இரண்டு தடவை சாரி சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் அதற்கு நான்கு தடவை "பரவாயில்லை சார்" சொன்னார். அடுத்த ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. கவுன்ட்டர் பக்கம் போகவே எங்கள் வீட்டுக்காரருக்குக் கூச்சம். பஸ் பிடித்து மலையேறி, பூட்டிய வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனோம். ரயிலை விட்டுவிட்டோம் என்று இரண்டே வரியில் அக்காவுக்குக் கடிதம் போட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

நான்காம் நாள் மரகதம் திரும்பிவந்தாள். தேர் பார்த்த கதை, காவடி பார்த்த கதை. கேட்டுக்கொண்டேன். பிறகு ஒரு மிலோ டின்னை என் கையில் வைத்தாள்.

"பெரியக்கா குடுத்து விட்டாங்க அக்கா. முறுக்கு."

"எந்தப் பெரியக்கா?" என்றேன்.

"உங்க பினாங்கு அக்காதான். நீங்க வரலன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? வாசலயே பாத்துக்கிட்டு இருப்பாங்களேன்னு நீங்க முன்ன சொன்ன அடையாளத்த வச்சு நாங்களே தேடிப் போயிச் சொன்னோம். விடவே இல்ல அக்கா! உங்களுக்குன்னு சமைச்சு வச்சிருந்தாங்க, எல்லாத்தையும் எங்களுக்குப் போட்டுட்டாங்க. அந்த வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு இருக்கே... அப்பப்பா!"

வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு! நான் போகிற அன்றைக்கு மட்டும் அக்கா வைக்கிற குழம்பு அது. என் இலையில் விழ வேண்டியதை இவள் வழித்துச் சாப்பிட்டுவிட்டு வந்து என்னிடமே ருசி சொல்கிறாள். போதாததற்கு அக்கா இவளுக்கு ஒரு ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்திருக்கிறாள். நான் சிரித்துக்கொண்டே "நல்லா இருந்திச்சா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்கு எனக்கு யாராவது மாலை போட வேண்டும்.

அன்றைக்கே தீர்மானம் செய்தேன். சித்திரைக்கு அக்காவைப் பார்த்தே ஆக வேண்டும். மறுபடி டிக்கெட் போட வீட்டில் காசு கிடையாது. பழைய டிக்கெட் காசு திரும்பிவந்தால் உண்டு, இல்லையென்றால் அக்கா ஜோகூர் போய்விடுவாள்.

"ஸ்டேஷன்ல கேட்டுப் பாருங்களேன்" என்று இரண்டு வாரம் நச்சரித்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கவே இல்லை. "ஏன் லேட்டுன்னு கேப்பான். துரையால லேட்டுன்னு சொல்லச் சொல்றியா? அது சுத்திச் சுத்தி துரை காதுக்கு வந்துச்சுன்னா? வேலயப் பாருலா."

டிரெஸ்ஸராக இருந்தால் மறுநாளே போய்க் கேட்டிருப்பார். இந்த எண்ணம் வந்ததும் எனக்கு மறுபடி எரிந்தது. மரகதத்துக்கு வாய்த்த ரோஜா, மரகதத்துக்கு வாய்த்த ஊறுகாய், மரகதத்துக்கு வாய்த்த புருஷன்... சரி, நானே போகிறேன்! டவுனுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, ரோட்டில் ஆறுமுகத்தின் லாரியை நிறுத்தி ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். மண்சரிவு என்று சொல்லலாம். எங்கள் மலை ரோட்டில் மண்சரிவை யார் சந்தேகப்படுவார்கள்?

ஸ்டேஷன் மாஸ்டர் நம் ஆள்தான். வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி. டிக்கெட்டுகளை நீட்டி மண்சரிவுக் கதையைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், நடுவில் ஒரு மரம்கூட விழுந்தது. முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மண்சரிவா? துரை டீ குடிச்சுக்கிட்டு இருக்காருன்னுல்ல அந்தம்மா சொன்னாங்க?"

எனக்குக் காது சுட்டது. "எந்த அம்மா?"

"காய்கறி லாரியில வந்தாங்களே! ரயிலு வந்து நிக்குது, ஒரே கூட்டம், அந்தம்மா என் கைய விடல. எங்க எஸ்டேட்டு கிராணி வீட்டுல ரெண்டு பேரு வர்றாங்க, கொஞ்சம் ரயில நிறுத்திவைங்கன்னாங்க. அதெல்லாம் முடியாதும்மான்னேன். அப்ப அந்த ரெண்டு சீட்ட இப்பவே கேன்சல் பண்ணி நிக்கிறவங்களுக்குக் குடுங்க, அவங்க காசு அவங்களுக்கு வரணும்னு ஒரே பிடிவாதம். நான் எழுதி முடிக்கிற வரைக்கும் நகரல. கார்டு விசிலே ஊதிட்டாரு, அவங்க வீட்டுக்காரரு வண்டியில ஏறிக்கிட்டுக் கத்துறாரு... ஓடிப்போயித்தான் ஏறுனாங்க. ரயிலு பொறப்படறதுக்கு முன்னாடி கேன்சல் பண்ணதால உங்களுக்குக் காசு உண்டு. ஏன் இவ்வளவு நாளா வரல?"

காசை எண்ணி வைத்தார். பிறகு கேட்டார்: "ஒங்க தங்கச்சியா?"

"இல்ல. பக்கத்து வீடு."

"குடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்றார்.

பஸ்ஸில் மலையேறி வரும்போது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், இல்லையா? காசு மடியில் இருக்கிறது, அக்காவைப் பார்க்கப் போகிறேன். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்கிறேன் — எரிச்சல்தான் வந்தது. ரோஜாவில் அவள் ஜெயிக்கட்டும், ஊறுகாயில் ஜெயிக்கட்டும். குணத்திலாவது நான் ஒரு படி மேலே என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேனே! அவள் எனக்காக ரயிலையே தவற விடப் பார்த்திருக்கிறாள். நான் அவளுக்காக என்ன செய்தேன்? காடியிலிருந்து கை காட்டினேன். கெட்டவர்கள்மேல் பொறாமைப்படுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. நல்லவர்களோ நம்மை அந்த அளவுக்குக்கூட நிம்மதியாக விடுவதில்லை.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்லிவிடுவோம், சொல்லித் தொலைத்துவிட்டால் பாரம் இறங்கும் என்று. அவள் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"காசு கெடச்சிருச்சு மரகதம். நீதானே சொல்லி வச்ச? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"அட, சொல்லலியா? நீங்க அன்னிக்கு முறுக்கையே மொறச்சிப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா, மறந்திட்டேன் அக்கா."

"சித்திரைக்கு அக்காவப் பாக்கப் போறோம்" என்றேன்.

"தெரியுமே!" என்றாள் மரகதம், குவளையைக் கீழே வைத்துவிட்டு. "நேத்துத்தான் பெரியக்கா எனக்குக் கடுதாசி போட்டிருந்தாங்க. சித்திரைக்குக் கண்டிப்பா வரணுமாம் நானு. வரும்போது அப்படியே உங்களையும் பத்திரமா கூட்டிக்கிட்டு வந்துரச் சொன்னாங்க."

என் அக்கா வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறவள் அவள்! ஜன்னலோர சீட் எனக்குத்தான் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.