செருப்பில்லாமல் ஏழு நாள்

இறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு சாயங்காலம் சின்னப்பையன் மாமா ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். கோட்டூர்புரம் பாலத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார். இன்னொன்று எங்கே கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. வலது காலில் எதுவும் இல்லை என்பதையே வாசலில் என் அக்கா தேவானை சொல்லித்தான் குனிந்து பார்த்தார்.

"நீ குடிய உட்டுட்ட, உன் காலு மட்டும் இன்னும் குடிச்சிக்கினு கீது," என்றாள் அக்கா.

மாமாதான் முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் பெயின்டர். அக்காவைக் கட்டும்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா அம்மா இல்லாத என்னையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு பி.காம். வரை படிக்க வைத்தார். 2015 வெள்ளத்தில் இரண்டு நாள் மொட்டைமாடியில் மாட்டிக்கொண்டோம். பக்கத்தில் ஒரு அம்மாள் விடாமல் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்த பிறகு மாமா குடியை விட்டார், ஞானஸ்நானம் எடுத்தார். அக்காவும் எடுத்தாள். நான் போகவில்லை.

"உன்ன இழுக்க மாட்டேன் மச்சான். படிச்சவனுக்கு லேட்டாத்தான் புரியும்," என்பார்.

அடையாறில் ஒரு பெரிய சபையில் ஞாயிறுதோறும் நாற்காலி போட்டு, எடுத்து அடுக்கினார். ஆற்றோர வீடுகளில் பாதியை அரசாங்கம் இடித்து ஆட்களை ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகு, மிச்சமிருந்த வயசான பெண்களால் அந்தச் சபை வரைக்கும் போக முடியவில்லை. அவர்கள் நடந்து வரும் தூரத்தில் ஒரு சபை வேண்டும் என்று மாமா தீர்மானித்தார். பெயின்ட் கடை ஹபீபுர் ரஹ்மான் பாய் தன் கடை மாடியைக் கொடுத்தார். இருபது வருஷம் மாமா பெயின்ட் வாங்கிய கடை அது.

"எங்கிட்ட பிரஷ் வாங்குனவன் பாஸ்டராயிட்டான். ஆண்டவன் வீட்டுக்காவது ரெண்டாவது கோட்டு ஒழுங்கா அடி நைனா," என்றார் பாய்.

மாமா மூன்று கோட்டு அடித்தார். பிரசங்க மேடைக்குப் பின்சுவர் வெளிர்நீலம், மற்றவை வெள்ளை. மேடைக்கு வெள்ளை டைல்ஸ். திறப்பு பெந்தெகொஸ்தே ஞாயிறு என்று முடிவானது. அதற்கு முந்தின திங்களிலிருந்து, பைபிளில் எரிகோ மதிலைச் சுற்றியது போல, அந்தத் தெருக்களைச் சுற்றிவரப் போவதாகச் சொன்னார். ஆறு நாள் ஒவ்வொரு சுற்று. ஏழாம் நாள் ஏழு சுற்று, பிறகு கதவு திறப்பது. பரிசுத்த நிலத்தில் செருப்பு கூடாது என்று மாடிப்படியின் அடியில் செருப்பைக் கழற்றி வைத்தார்.

கத்திரி வெயில். அவர் நடந்தது மதியம் மூன்று மணிக்கு.

புதன்கிழமை லீவு போட்டுக் கூடப் போனேன். மரியாதைக்காக நானும் செருப்பைக் கழற்றினேன். பத்தடி தாண்டவில்லை, தார் உள்ளங்காலைக் கவ்வியது. துள்ளி ஓரத்து நிழலுக்கு ஓடினேன். மாமா நிதானமாக, உதடு அசைய, நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தார்.

"மாமா, சுடலையா?"

நின்று திரும்பினார். தார் இளகி அவர் விரல்களுக்கிடையே ஒட்டியிருந்தது.

"எதுடா சுடுது?" என்று கேட்டவர், கீழே பார்த்தார். முகம் மெல்ல மாறியது. "ஒண்ணுமே தெர்ல மச்சான். கர்த்தர் எடுத்துட்டாரு."

பின்னால் வந்த பெண்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி அழுதாள். எனக்கு அந்த ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்தது. வந்து, போய்விட்டது.

வியாழக்கிழமை மேடை டைல்ஸில் பழுப்புச் சிவப்பாகக் காலடிகள் இருந்தன. ரெட் ஆக்சைடு பெயின்ட் சிந்திவிட்டது என்று நினைத்துத் துணி எடுத்தேன். ஆனால் அந்த வாரம் அவர் ரெட் ஆக்சைடைத் தொடவே இல்லை. எல்லாமே வலது கால்.

"காலைக் காட்டுங்க."

"சும்மாரு."

"காட்டுங்க மாமா."

கட்டைவிரலுக்கு அடியில் ஆணி போன துளை. சுற்றிலும் தோல் வெந்து வெளுத்திருந்தது. வாடை வந்தது. நான் விரலால் ஓரத்தை அழுத்தினேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கல பாரு. உங்கக்காகிட்ட சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு பூடுவா, அல்லாம் நின்னுடும். ஞாயித்துக்கெயம வரைக்கும்தான். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவரும் அக்காவும் ஆறு வருஷமாக ஒரே டப்பாவிலிருந்து சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். மருந்து போட்டு, துணி சுற்றி, அவர் அக்காவிடம் சொல்வதற்கு ஒரு பொய்யும் நானே சொல்லிக் கொடுத்தேன்: பெயின்ட் டின் காலில் விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாவி கொடுக்க மேலே வந்த பாய் கட்டைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

"எங்க அத்தாவுக்கு இதே மாதிரிதான். வலியில்லைன்னு கடைக்கு வந்துக்கினு இருந்தார். முழங்காலோட எடுத்தாங்க. பாஸ்டரே, இன்னிக்கே போ."

"நீ வேற பாய். ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே காலி பண்ணச் சொல்ற," என்று மாமா சிரித்தார்.

பாய் சிரிக்கவில்லை. படியிறங்கும்போது என் தோளைத் தொட்டு, "நீயாவது வீட்ல சொல்லு," என்றார். சரி என்றேன்.

சனிக்கிழமை சுற்றி வந்ததும் குளிர்கிறது என்றார். அந்த வெயிலில். நாற்காலி அடுக்கும்போது அவர் பல் தந்தியடித்தது. வீட்டில் அக்கா நெற்றியைத் தொட்டு, "ஒரு வாரம் வெயில்ல அலைஞ்சா வராதா?" என்று கஷாயம் வைத்தாள். அவள் அடுப்படியில் திரும்பி நின்றபோது மாமா என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். லுங்கி விலகியிருந்தது. கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. ஒரு நாள்தானே என்று எண்ணிக்கொண்டேன்.

ஞாயிறு விடியற்காலை நாற்பது பேர் சேர்ந்தார்கள். நான்கு சுற்று முடிந்தது. ஐந்தாவதில், பாய் கடைக்கு எதிரே, மாமா சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். ஜெபிக்கிறார் என்று எல்லோரும் மண்டியிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டை அவிழ்த்துவிட்டு, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார்.

"டின்னு உழுந்துச்சுன்னு சொன்னாரு சார். இப்பத்தான் பாக்கறேன்," என்றாள் அக்கா. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வியாழக்கிழமை இறந்தார். சபையாருக்கு மாடிக் கதவு முதன்முதலாகத் திறந்தது அவரைக் கிடத்தத்தான்.

அன்று அக்கா எழுந்து சாட்சி சொன்னாள். "கடசி வரைக்கும் வலின்னு ஒரு வார்த்த சொல்லல. கர்த்தர் அத்தனையும் எடுத்துட்டாரு."

எல்லோரும் ஆமென் என்றார்கள்.

ஒரு மாசம் கழித்து, பாதியில் நின்ற நடையை மறுபடி முதலிலிருந்து செய்வது என்று பெண்கள் முடிவு செய்தார்கள். அக்கா முன்னால் போவதாகச் சொன்னாள். அந்தத் திங்கள் மூன்று மணிக்கு நான் போனபோது மற்றவர்கள் இன்னும் வரவில்லை. படியின் அடியில் தனியாக நின்று அவள் செருப்பைக் கழற்றினாள். பொடிக்கல் மேல் கால் வைத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"அக்கா, கீழ முள்ளு கல்லு குத்துதா?"

"இல்லையே. ஏன்?"

சொன்னேன். வியாழக்கிழமைக் காலடிகள், துளை, சத்தியம், டின், சிவப்புக் கோடு. ஒன்றையும் விடவில்லை.

அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு, "வியாயக்கெயமயேவா?" என்றாள். கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "வெள்ளி. சனி. ஞாயிறு. நான் கஷாயம் வெச்சேன். நீ பக்கத்துல நின்னுக்கினு இருந்த."

"செருப்பைப் போட்டுக்கோக்கா."

குனிந்து, கையால் ஒவ்வொரு காலாகப் பிடித்து, செருப்பை மாட்டிக்கொண்டாள். நானும் அவளோடு தெருவில் இறங்கினேன்.

"நீ வராத," என்றாள், திரும்பாமல்.

செருப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.